முக்கால் மணி நேரம்

ஞானபாக்கியத்தை வேலையை விட்டு அனுப்பிய தாளை எழுதியது நான்தான். ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லின் டைம் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்தேன். ஆட்கள் என்னை ரைட்டர் அண்ணாச்சி என்பார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால், மேனேஜர் அறையில் என்ன எழுத வேண்டியிருந்தாலும் கூப்பிட்டு விடுவார்கள்.

அவள் வ. புதுப்பட்டிக்காரி, ராஜபாளையத்தில் குடியிருந்தாள். எண்பத்து மூன்றில், பத்தொன்பது வயதில், கழிவுப் பஞ்சு பிரிக்கிற செக்‌ஷனில் சேர்ந்தாள். மெஷினில் இருந்து விழுகிற தூசும் தும்புமான பஞ்சைக் கையால் கிளறி, நல்லதைத் தனியே எடுக்கிற வேலை. அங்கே இருந்த பெண்கள் எல்லாருமே பதலி ஆட்கள். தினம் காலையில் கேட்டுக்கு வந்து நிற்க வேண்டும். உள்ளே கூப்பிட்டால் அன்றைக்கு வேலை உண்டு, இல்லாவிட்டால் வீடு. அவள் புருஷன் தவசிமுத்து மிலிட்டரியில் அஸ்ஸாம் பக்கம் இருந்தான். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான். பிள்ளை இல்லை.

சேர்ந்த நாலாவது வருஷம் அவளுக்குத் திங்கட்கிழமைகளில் நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் சரியாகிவிடும். திங்கள் காலையில் பஞ்சுக்குள் கை வைத்ததும் மறுபடி வரும். அந்த செக்‌ஷனில் பாதிப் பேருக்கு இது இருந்தது. யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். காரணம் மேஸ்திரி சுந்தரபாண்டியன். திங்கட்கிழமை காலையில் கேட்டை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வரிசையில் யார் இருமுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பார். இருமினால் விரலை நீட்டி வெளியே போகச் சொல்லுவார். அதனால் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று இருமித் தீர்ப்பார்கள். டைம் ஆபீஸ் ஜன்னலில் இருந்து நான் வாராவாரம் பார்த்ததுதான் இது.

எண்பத்தொன்பதில் அவளுக்கு அது திங்கட்கிழமையோடு நிற்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டும், சுவரில் சாய்ந்துதான் தூங்க முடியும் என்ற நிலை வந்தது. ராஜபாளையத்தில் எந்த டாக்டரிடம் போனாலும் மில் ஆட்கள் கண்ணில் பட்டுவிடும் என்று, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். அங்கே கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வைகுண்டராஜ் என்று ஒரு டாக்டர். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சுகிற மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். காவி நிறக் கூட்டுக்குள் சின்ன தகர டப்பி. எங்கள் ஊரில் அதைப் பம்பு என்பார்கள். கூடவே ஒரு மாத்திரையும் கொடுத்தார்.

அவர் சொன்னதை அவள் எனக்குப் பல வருஷம் கழித்து அப்படியே திருப்பிச் சொன்னாள். "இந்தப் பம்பு இழுப்பு வராம இருக்கிறதுக்கும்மா. காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. நல்லா இருந்தாலும் விடக் கூடாது. இழுப்பு வந்த பொறவு இதை எம்புட்டு அடிச்சாலும் கேக்காது. வந்துட்டா மாத்திரையைப் போட்டுட்டு ஊசிக்கு ஓடி வந்துரணும், செத்த நேரம் பாப்போம்னு உக்காந்திரக் கூடாது." ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னார். ஒருத்தருக்குக் கொடுத்ததை இன்னொருத்தருக்குக் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார்.

முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைத்திருக்கிறாள். மூன்றாவது வாரம் ஒருநாள் பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கி எழுந்தாள். பல மாசமாக அப்படிப் படுத்ததில்லை. நடுவில் ஒருமுறை வாய் கொப்பளிக்காமல் விட்டு, நாக்கெல்லாம் வெள்ளை படர்ந்து, டாக்டரிடம் பேச்சு வாங்கினாள். அதற்கப்புறம் அதையும் ஒழுங்காகச் செய்தாள். மாசக்கணக்கில் இழுப்பே வரவில்லை. மாத்திரையைத் தகரப் பெட்டியில் போட்டு மறந்தே போனாள். "அம்புட்டு நல்லாக்கிருச்சு அண்ணாச்சி. அதால ஆகாதது ஒண்ணுமில்லன்னு மனசுல படிஞ்சு போச்சு. டாக்டர் சொன்ன மத்ததெல்லாம் மறக்கல, ஆனா ஞாபகத்துல முன்னால வந்து நிக்கல" என்றாள்.

அவளுக்கு அடுத்த பலகையில் வேலை செய்தவள் அழகுத்தாய். அவளுக்கும் இதே இழுப்பு. புருஷன் வேல்சாமி அதே மில்லில் பேல் என்கிற பஞ்சுப் பொதிகளை இறக்குகிறவன், நிரந்தர ஆள். ஏழு வயசில் சந்தனம் என்று ஒரு மகள். அழகுத்தாய் மிளகுக் கஷாயத்தைக் குடித்துக்கொண்டு ஓட்டினாள். ஞானபாக்கியம் கக்கூஸ் பக்கம் மறைந்து பம்பு அடிப்பதை ஒருநாள் பார்த்துவிட்டு, "என்னட்டி, வாய்க்குள்ள சென்ட் அடிச்சுக்கிடுத?" என்று சிரித்திருக்கிறாள். ஞானபாக்கியம் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்று நாலைந்து முறை கூப்பிட்டாள். அடுத்த மாசம் வாரேன் என்பதே பதில். மேஸ்திரி காதுக்குப் போனால் வேலை போய்விடும் என்று வேல்சாமிக்குப் பயம்.

தொண்ணூற்றிரண்டு பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. மட்டமான பஞ்சு ஒரு லாரி வந்து இறங்கியிருந்தது. பிரிக்கப் பிரிக்க செக்‌ஷனே புகை மூட்டம் போட்ட மாதிரி ஆனது. பத்து மணி வாக்கில் அழகுத்தாய்க்கு இழுக்க ஆரம்பித்தது. அந்த வாரம் சுந்தரபாண்டியன் ஒரு உத்தரவு போட்டிருந்தார். சங்கு ஊதுமுன் யார் வெளியே போனாலும் அவர்கள் பெயரைப் பதலி லிஸ்டில் இருந்து அடிக்க வேண்டும். அடிக்க வேண்டியது என் கை.

பெண்கள் அவளைக் கக்கூஸுக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஞானபாக்கியம் மடியில் இருந்த பம்பை எடுத்து அவள் வாயில் வைத்து இரண்டு தடவை அழுத்தினாள். கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு. குறைந்திருக்கிறதா என்று கேட்டதற்கு அழகுத்தாய் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். குறையவில்லை. வெளியே கொண்டுபோய்விடுவார்களோ என்று பயந்து ஆட்டியிருக்கிறாள். ஞானபாக்கியம் அதை நம்பினாள். தனக்கு மூன்று வாரம் எடுத்த மருந்து என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவே இல்லை. மறுபடி இரண்டு, மறுபடி இரண்டு. இப்படியே அரை மணி நேரம் போனது. உதடு நீலமாகி, வார்த்தை வராமல் அழகுத்தாய் அவள் முந்தியைப் பிடித்து இழுத்தபோதுதான் எழுந்து ஓடினாள்.

சுந்தரபாண்டியன், சாப்பாட்டு மணிக்குப் பார்க்கலாம், இதெல்லாம் வேலைக்குச் சோம்பல் பட்டவளுடைய நாடகம் என்றார். ஞானபாக்கியம் என் ஜன்னலுக்கு வந்தாள். அதற்குள் பெண்கள் அழகுத்தாயைக் கேட்டுப் பக்கம் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் கேட் பாஸ் இல்லாமல் திறக்க மாட்டான். நான் பாஸ் எழுதினேன். அதில் மேஸ்திரி கையெழுத்து வேண்டும். அவர் பஞ்சு அடிக்கிற ப்ளோ ரூமுக்குள் போய்விட்டார் என்றார்கள். நான் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கையெழுத்து இல்லாமல் நானே கதவைத் திறக்கச் சொல்லியிருக்கலாம். வாட்ச்மேன் எனக்குக் கட்டுப்பட்டவன்தான், சொன்னால் திறந்திருப்பான். கால் மணி நேரம் கழித்துக் கையெழுத்து வந்தது. பேல் ஏற்றுகிற வேனில் அவளைக் கிடத்திக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

அன்று சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஞானபாக்கியமே எழுதிக் கொடுப்பது போல, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஞானபாக்கியம் என்கிற நான், நிர்வாகத்துக்குத் தெரியாமல் என்னிடம் வைத்திருந்த ஒரு மருந்தை, டாக்டர் யோசனை இல்லாமல், ஏற்கெனவே நெஞ்சு வியாதி உள்ள அழகுத்தாய்க்குப் பலமுறை கொடுத்தேன், அதன் பிறகு அவருக்கு மூச்சு நின்றது, இதற்கு நானே பொறுப்பு. பஞ்சு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. கேட் பாஸ் என்ற சொல்லும் இல்லை.

ஞானபாக்கியத்தை உள்ளே கொண்டுவந்தார்கள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், கூட்டெழுத்து வாசிக்க வராது. வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். முடித்ததும் மேனேஜரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணாச்சி, நான் குடுத்ததாலயா அவ செத்தா?"

"இதுல அப்படித்தான் எழுதியிருக்கு" என்றேன்.

கையெழுத்துப் போட்டாள். மறுநாள் முதல் அவள் பெயர் லிஸ்டில் இல்லை.

மில்லே வேல்சாமியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் ஞானபாக்கியம் வீட்டுத் தெருவில் வந்து நின்று, அவளைப் பெற்றவர்களையும் சேர்த்து ஏசினான். அவள் கதவைத் திறந்து வெளியே வந்து, அவன் பேசி முடிகிற வரை நின்று கேட்டாள். தெருவில் அவளுக்குப் பம்புக்காரி என்று பெயர் விழுந்தது. ஏப்ரலில் லீவில் வந்த தவசிமுத்து, ஊரில் தன் பெயர் நாறுகிறது என்று சொல்லி, அவள் பம்பைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். அவளும் வேறு வாங்கவில்லை. கொலை செய்த சாமானை வாயில் வைக்கத் தனக்கு மனசு வரவில்லை என்று சொன்னாள். அவன் மிச்ச லீவைப் புதுப்பட்டியில் தன் அம்மா வீட்டில் கழித்துவிட்டு அப்படியே ரயில் ஏறினான். பிந்திய வருஷங்களிலும் லீவுக்கு அங்கேதான் வந்தான்.

மருந்தை விட்ட இரண்டாம் மாசம் இழுப்பு திரும்பி வந்தது. முன்னைவிட மோசமாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாடகைக் காரில் ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டுபோனார்கள். டாக்டர் வைகுண்டராஜ் ஊசி போட்டு, காற்று வைத்து, மூன்று நாள் அங்கேயே படுக்க வைத்தார். மூச்சு நிதானமானதும் ஏன் மருந்தை விட்டாய் என்று கோபித்தார். அவள் நடந்ததை முதல்முறையாக ஒரு ஆளிடம் முழுதாகச் சொன்னாள்.

 டாக்டர், அந்த மருந்து யாரையும் கொல்லாது, அழகுத்தாய்க்கு அது நல்லதும் செய்யவில்லை கெட்டதும் செய்யவில்லை என்றார். காத்திருந்த நேரம்தான் கொன்றது என்றார்.

"நான் அடிக்காம உடனே தூக்கிட்டு ஓடியிருந்தா பொழச்சிருப்பாளா?" என்று அவள் கேட்டாள்.

அவர் பொய் சொல்லவில்லை. "பொழச்சிருக்கலாம்" என்றார்.

அதைக் கேட்டபிறகும் அவள் பம்பை மறுபடி எடுத்துக்கொண்டாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. இந்தத் தடவை மாத்திரையும் எப்போதும் மடியில் இருந்தது. மில்களில் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. டாக்டர் யாரிடமோ சொல்லி, ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்தாள். புகை ஆகாது என்று அடுப்புப் பக்கம் போக மாட்டாள். காய் நறுக்குவாள், பரிமாறுவாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அழகுத்தாய் மகள் சந்தனம் படித்தாள். ஞானபாக்கியம் கையால் ஒரு பருக்கை வாங்கக் கூடாது என்று வேல்சாமி மகளுக்குச் சொல்லியிருந்தான். வரிசையில் பிள்ளைகள் தட்டோடு நிற்கும்போது சந்தனம் மட்டும் தூக்குவாளியைத் திறந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிடும். நாலு வருஷம் இப்படியே நடந்தது.

தொண்ணூற்றைந்தில் சந்தனத்துக்கும் இழுப்பு வந்தது. வேல்சாமி பம்பு என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. வாரச் சந்தைக்கு வருகிற ஒரு ஆள் பொட்டலத்தில் மடித்துச் சின்ன வெள்ளை மாத்திரை கொடுப்பான். பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. அதைத் தின்றதும் பிள்ளைக்கு மறுநாளே குணமானது. பசியும் எடுத்தது. அவனுக்குச் சந்தோஷம். ஆறு மாசத்தில் சந்தனத்தின் முகம் உப்பி உருண்டையானது. கூடப் படித்த பிள்ளைகள் வளர்ந்தார்கள், அவள் அகலமானாள், உயரவில்லை. ஞானபாக்கியம் இதையெல்லாம் பரிமாறுகிற இடத்தில் இருந்தே பார்த்தாள். ஒருநாள் பிள்ளையிடம் கெஞ்சி ஒரு மாத்திரை வாங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டுபோய்க் காட்டினாள்.

மாத்திரையைப் பார்த்து, பிள்ளை முகம் உப்பியதையும் கேட்டதும் டாக்டர் தெரிந்துகொண்டார். ஸ்டீராய்டு மாத்திரை, ஆபத்துக்குச் சில நாள் கொடுக்க வேண்டியதை மாசக்கணக்கில் கொடுக்கிறான் என்றார். உடம்பு அதற்குப் பழகிவிட்டிருக்கும், சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார். ஒரு தாளில் அதை எழுதியும் கொடுத்தார்.

அவள் அந்தத் தாளோடு மில் கேட்டில் வேல்சாமிக்காக நின்றாள். அவன் தாளை வாங்கவே இல்லை. "ஒருத்தியைக் கொன்னது பத்தாதா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டு, அவள் காலடியில் துப்பிவிட்டு உள்ளே போனான். நான் ஜன்னலில் இருந்தேன்.

அன்று சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, இதுவரை நான் சொன்ன எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. கடைசியில் வந்த காரியத்தைச் சொன்னாள். மேனேஜர் அறையில் அன்றைக்கு எழுதிய தாளில் இருப்பது பொய், கேட் பாஸுக்காகக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள் என்று நான் வேல்சாமியிடம் சொல்ல வேண்டும். மருந்தின் மேல் இருக்கிற பழி போனால் பிள்ளைக்கு அதைக் கொடுக்க விடுவான்.

எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. பார்க்கலாம் என்றேன். அவள் எழுந்து போனாள். நான் சொல்லவில்லை.

தொண்ணூற்றேழு ஜனவரியில் சந்தையில் பொட்டலக்காரன் வராமல் போனான். எங்கே போனான் என்று தெரியாது. மாத்திரை தீர்ந்து பத்தாம் நாள் சந்தனம் பள்ளிக்கூடத்தில் வாந்தி எடுத்து, துணி மாதிரித் துவண்டு விழுந்தாள். டீச்சர் வெறும் மயக்கம் என்று தண்ணீர் தெளித்தார். ஞானபாக்கியம் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, மாத்திரை தீர்ந்து பத்து நாளாச்சு என்று பக்கத்தில் நின்ற பிள்ளை சொன்னதும், யாரையும் கேட்காமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன டாக்டரிடம், ஒன்றரை வருஷமாக இந்த மாத்திரை தின்றவள், பத்து நாளாக நிறுத்திவிட்டாள் என்று சொல்லி, மடியிலேயே வைத்திருந்த வைகுண்டராஜ் எழுதிய தாளைக் கையில் கொடுத்தாள். அவர் அதைப் படித்ததும் வேறு எதையும் தேடிக்கொண்டிருக்காமல் ஊசி போட்டு டிரிப் ஏற்றினார். நாலு மணி நேரம் கழித்துப் பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது.

வேல்சாமி ஷிப்ட் முடிந்து வந்தான். வார்டு வராந்தாவில் ஞானபாக்கியத்தைப் பார்த்ததும் கன்னத்தில் அறைந்தான். சுவரில் மோதிக் கீழே விழுந்தாள். ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்த அம்மா சொன்னதால்தான் உன் மகள் பிழைத்தாள் என்று டாக்டர் சத்தம் போட்டார்.  அவன் அவளைத் தூக்கி விடவில்லை. அவளாக எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, மீதிப் பாத்திரம் கழுவப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

டாக்டர்கள் மாத்திரையைப் பல மாசம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். சந்தனத்துக்கும் பம்பு எழுதிக் கொடுத்தார்கள். வேல்சாமி சம்மதித்தான். ஆனால் மகளை அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்து எடுத்து வேறொன்றில் சேர்த்துவிட்டான். யார் தூக்கிக்கொண்டு போனது என்று சந்தனம் கேட்டதற்கு டீச்சர் என்று சொல்லியிருக்கிறான்.

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டு அனுப்பினார்கள். மறு வாரம் வேல்சாமி வீட்டுக்குப் போனேன். கேட் பாஸ் கதையைச் சொன்னேன். நான் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் மறைக்கவில்லை. அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும் அண்ணாச்சி" என்றான். "அன்னைக்கு கேட்டுக்குப் பக்கத்துலதான் லோடு இறக்கிட்டு இருந்தேன். அவளை உக்கார வச்சிருந்ததைப் பாத்தேன். வேன் சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. பாஸ் வரட்டும்னு நானும் நின்னேன்."

பிறகு, இதை மகள் காதுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்றான். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அங்கிருந்து நேரே ஞானபாக்கியம் வீட்டுக்குப் போய், அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்டால் நெஞ்சுப் பாரம் குறையும் என்று நினைத்தேன். வாசல்படியில் நின்றபடியே கேட்டாள்.

"அவிய வாயைத் தெறக்காததுக்குக் காரணம் இருக்கு அண்ணாச்சி, பொண்டாட்டியைப் பறிகுடுத்தவிய" என்றாள். "ஒங்களுக்கு என்ன இருந்துச்சு?"

 இனிமேல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இப்போதும் அதே தெருவில்தான் இருக்கிறாள். சத்துணவுக் கூடத்துக்கு ஏழரைக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்கு இழுப்பு என்றாலும் தாய் தகப்பனை வரச் சொல்லி, எது தினம் எடுக்கிற மருந்து, எது வந்தபின் எடுக்கிற மருந்து, எப்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று சொல்கிறாளாம். சிலர் கேட்கிறார்கள். சிலர் பம்புக்காரி பேச்சு என்று போய்விடுகிறார்கள். கடைத்தெருவில் எதிரே வந்தால் என்னைத் தாண்டிப் போகிறாள், முகம் திரும்புவதில்லை.